நகலெடுத்தவர்களும் பூட்டுப் போட்டவர்களும்

1

ஆங்கிலத்தில் இதற்குக் கடற்கொள்ளை என்று பெயர். தமிழில் நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. 'திருட்டு சிடி' என்று சொல்லி முடித்துக்கொண்டோம். இரண்டுமே விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதிவிடுகிற சொற்கள். 'வைஸ் சிட்டி' என்ற விளையாட்டை பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடி வளர்ந்த தலைமுறை என்னுடையது. அதன் அசல் அட்டைப்பெட்டியை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. எனவே குற்றமற்ற இடத்திலிருந்து இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நகலெடுப்பு கணினி விளையாட்டைச் சாகடித்துவிடும் என்கிற சொல்லாடலுக்கு ஏறக்குறைய வீட்டுக் கணினியின் வயது. 1976இலேயே பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று குற்றம் சாட்டினார். 2008இல் 'க்ரைஸிஸ்' விளையாட்டை உருவாக்கிய ஜெர்மானிய நிறுவனமான க்ரைடெக், நகலெடுப்பைக் காரணம் காட்டி, இனிக் கணினிக்கென்று மட்டும் விளையாட்டுச் செய்யமாட்டோம் என்றது. சாவு மட்டும் வந்துசேரவில்லை. 2025 மார்ச்சில் ஸ்டீம் என்ற ஒரே இணையக் கடையில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள் 4 கோடிப் பேருக்கு மேல். ஆகவே சாகுமா சாகாதா என்பதல்ல கேள்வி. இந்த ஒப்பாரி யாருக்காக, எதைச் சாதித்துக்கொள்வதற்காகப் பாடப்பட்டது என்பதே. போலந்தின் அனுபவம் இதற்குப் பதில் சொல்லும் என்று நினைக்கிறேன்.

2

1980களின் போலந்தில் கணினி விளையாட்டுக்கு முறையான சந்தை என்று ஒன்று இல்லை. வெளிநாடு போய்வந்தவர்கள் ஸ்பெக்ட்ரமும் காமடோரும் கொண்டுவந்தார்கள். அந்நியச் செலாவணி இருந்தால் மட்டுமே வாங்க முடிகிற அரசுக் கடைகளில் அடாரி கிடைத்தது. விளையாட்டுகள் கேசட்டில் பதிந்து கைமாறின. போலந்து வானொலியே கணினி நிரல்களை ஒலியாக ஒலிபரப்பியது. கேட்டவர்கள் டேப்பில் பிடித்துத் தங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். கணினி நிரலை வெளிப்படையாகப் பாதுகாத்த பதிப்புரிமைச் சட்டம் அங்கே 1994இல்தான் வந்தது. அதுவரை நகலெடுத்தவன் திருடன் அல்லன், ரசிகன். சட்டம் வந்தபின்னரே அவன் திருடனாகக் கட்டமைக்கப்பட்டான்.

வார்ஸாவின் க்ஜிபோவ்ஸ்கா தெருவில் வார இறுதிகளில் ஒரு கணினிச் சந்தை கூடும். அங்கே நகல் விளையாட்டு விற்ற பையன்களில் இருவர் மார்சின் இவின்ஸ்கி, மிகாவ் கிச்சின்ஸ்கி. 1994இல் இவர்கள் தொடங்கிய கம்பெனிதான் சிடி ப்ராஜெக்ட். வெளிநாட்டு விளையாட்டுகளை முறைப்படி தருவித்து விற்பது தொழில். எதிரே நின்றது தாங்கள் வளர்ந்த அதே சந்தை.

1999இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைக் கொண்டுவந்தபோது இவர்கள் செய்தது முக்கியமானது. எழுத்து, பேச்சு எல்லாவற்றையும் போலிஷ் மொழிக்கு மாற்றினார்கள். பெயர்பெற்ற நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்தார்கள். 5 சிடிகளோடு விதிப்புத்தகம், வரைபடம் என்று பெட்டியை நிரப்பினார்கள். நகலைவிட விலை அதிகம். என்றாலும் முதல் நாளே 18,000 பெட்டிகள் போய்விட்டன. 'ஓசியில் கிடைத்தால் எவன் காசு கொடுப்பான்' என்கிற வியாபார ஞானம் இங்கே அடிபட்டுப்போகிறது. அந்த ஜனங்கள் வாங்க மறுத்தவர்கள் அல்லர். அவர்கள் மொழியில் அவர்களுக்கு யாரும் விற்கவில்லை, அவ்வளவுதான். சந்தை எட்டிப்பார்க்காத இடத்துக்கு நகல் போய், ஆடத் தெரிந்த ஒரு கூட்டத்தை உண்டாக்கி வைத்திருந்தது. அந்தக் கூட்டம் இல்லையென்றால் 18,000 இல்லை; 2007இல் இதே கம்பெனி சொந்தமாகச் செய்த 'தி விட்சர்' இல்லை; அதன் மூன்றாம் பாகம் 5 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றதும் இல்லை.

3

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை. 2011இல் விட்சரின் இரண்டாம் பாகம் கடைக்கு வந்தபோது வட்டில் நகல்தடுப்புப் பூட்டு இருந்தது. காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் அதனால் தொல்லை. சில நாட்களிலேயே கம்பெனியே அதை நீக்க வேண்டியதாயிற்று. அதே சமயம் ஜெர்மனியில், இறக்கியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் வீட்டுக்கு 900 யூரோவுக்கு மேல் கேட்டு வக்கீல் கடிதங்கள் போயின. கூச்சல் எழுந்தது; 2012 ஜனவரியில் நிறுத்திக்கொண்டார்கள். க்ஜிபோவ்ஸ்கா சந்தைப் பையன்களா இப்படி என்று கேட்கலாம். நான் இதைத் தனிமனித துரோகமாகப் பார்க்கவில்லை. மூலதனம் ஓரிடத்தில் சேர்ந்ததும் அந்த இடம் பேசுகிற பேச்சு அது. யார் உட்கார்ந்தாலும் அதைத்தான் பேசுவார்கள்.

எப்போதும் முன்னால் நிறுத்தப்படுகிறவன் படைப்பாளி. 'அவன் வயிற்றில் அடிக்கிறீர்களே!' சரி, யார் அவன்? விட்சர் கதைகளை எழுதிய ஆந்த்ஷெய் ஸப்கோவ்ஸ்கி, விளையாட்டு ஓடும் என்ற நம்பிக்கையில்லாமல், பங்குக்குப் பதில் ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டார். 2018இல் அவர் 6 கோடி ஸ்லோட்டியாவது வேண்டும் என்று கேட்டபோது, ஆதாரமற்ற கோரிக்கை என்றது கம்பெனி. 2019 டிசம்பரில்தான் புது ஒப்பந்தம் வந்தது. 2020இல் 'சைபர்பங்க் 2077' வெளியாகும் முன், கட்டாய மிகைநேரம் கிடையாது என்று முன்பு சொல்லியிருந்ததற்கு மாறாக, ஊழியர்கள் வாரம் ஆறு நாள் உழைக்க வைக்கப்பட்டார்கள். இவர்கள் வயிற்றில் அடித்தவன் நகலெடுத்தவன் அல்லன்.

அதற்காக நகலெடுப்பைக் கலகம் என்று கொண்டாடும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சந்தையில் நகல் விற்றவனும் வியாபாரிதான். செய்தவனுக்கு அவன் ஒரு காசு அனுப்பவில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, கைக்காசைப் போட்டு ஒரு விளையாட்டைச் செய்கிறபோது, அதை நகலெடுப்பது எந்த அதிகாரத்தையும் அசைப்பதில்லை. அவர்கள் வாடகையில்தான் கைவைக்கிறது.

4

ஆனால் ஒப்பாரியின் பலன் எங்கே போய்ச் சேர்ந்தது? பூட்டில். 2004இல் 'ஹாஃப் லைஃப் 2' பெட்டியைக் கடையில் வாங்கியவனும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கினால்தான் ஆட முடிந்தது. 2010இல் யூபிசாஃப்ட், தனியாக ஆடுகிற விளையாட்டுக்கும் இணையத் தொடர்பு அறுபடக்கூடாது என்றது. அதன் சர்வர் படுத்தபோது காசு கொடுத்தவர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு 'தி க்ரூ' 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. வாங்கியவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. வெறும் உரிமத்தை விற்றுவிட்டு 'வாங்கு' என்ற சொல்லைப் போடுவதானால், விற்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2024இல் கலிஃபோர்னியா சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. அவற்றில் பல பிழைத்திருப்பது பூட்டை உடைத்து நகல் வைத்திருந்தவர்களால்தான். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் இல்லையென்றால் சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்திருக்காது என்று தமிழ் படித்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது வேறு காலம், வேறு பொருளாதாரம். ஆனால் ஒரு பிரதி நிலைப்பது பல கைகளில் இருப்பதால்தான் என்பது மாறவில்லை.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் சங்கதி என்று எழுதுகிறவர்கள் ஒதுங்கிவிட முடியாது. 2009இல் அமேசான், ஆர்வெல்லின் '1984'ஐ, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள். ஆனால் நம் அலமாரிக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக முடிகிறவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது? அதற்கு மட்டும் நம்மிடம் இன்னும் சொல் இல்லை.