சளி

சளி என்பது மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சவ்வு சுரக்கும் வழுவழுப்பான நீர்மம். சுமார் 95 விழுக்காடு தண்ணீர்; பிசுபிசுப்பைத் தருவது மியூசின் என்னும் புரதம். தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிப்பது இதன் வேலை; மூச்சுப்பாதையின் நுண்மயிர்கள் இதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். நோயற்றவருக்கும் நாளெல்லாம் சுரக்கிறது. அவர் அறியாமலே விழுங்கிவிடுகிறார். நோயின்போது வெள்ளையணுக்களின் நொதியால் இது பச்சையாகலாம். பச்சை நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் கேட்பது வீண்.

பேச்சுவழக்கில் இந்தச் சொல்லுக்குச் சுமை அதிகம். 'சளி பிடிச்சிருக்கு' என்றால் நோய். 'சளி வருது' என்றால் சுரப்பு. நோயை ஜலதோஷம், நீர்க்கோவை என்றும் சொல்வதுண்டு. இலங்கைத் தமிழர் தடிமன் என்பர். நெஞ்சிலிருந்து கெட்டியாக வருவது கோழை. மலத்தோடு போவது சீதம். சீதபேதி என்ற பெயர் அதனால் வந்தது. சித்த மருத்துவத்தின் கபம் சளிக்கு மாற்றுச் சொல்லாகப் புழங்கினாலும், அது வாதம், பித்தத்தோடு சேர்த்து எண்ணப்படும் உயிர்த்தாது. வெறும் கோழை அன்று.

வேறு மொழி பேசும் ஊரில் இந்தச் சொற்குழப்பம் இன்னும் கூடும். டெல்லியில் கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள அரசுக் குடியிருப்புகளில் தமிழர் பலர் வாழ்ந்திருக்கிறார்கள்.  ராம் மனோகர் லோகியா, லேடி ஹார்டிங் மருத்துவமனைகளும் பக்கம்தான். அங்கே பேசும் இந்தியில் ஜலதோஷம் ஜுகாம், கோழை பல்கம். பின்னது கிரேக்கத்தில் பிறந்து அரபி வழியாக வந்த சொல். சளியை ஜுகாம் என்று மட்டும் சொல்லிவைத்தால் நெஞ்சுக்கோழை மருத்துவர் கணக்கில் விழாமல் போகக்கூடும்.

காசநோய்ப் பரிசோதனையில் இந்தக் குழப்பம் நிஜமாகவே கெடுதல் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி கேட்பார்கள். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் இருக்கும் நோயும் இல்லையென்று வரலாம். வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வருவது நல்லது. நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லிலிட்டரில் ஆயிரக்கணக்கான கிருமிகள் வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவிக்கு நூற்றுச் சொச்சம் போதும்.

சிகிச்சை பலித்ததா என்று பார்க்கவும் சளிதான் உதவியது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களையும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களையும் ஒப்பிட்டது. அளவுகோல்களில் முதன்மையானது சளியில் கிருமி இல்லாமல் போனதா என்பது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதாக 1959இல் முடிவு வெளியானது. சானடோரியப் படுக்கைகளுக்கான தேவை அதன்பின் குறைந்தது.