தோப்பி: அரிசிக்கள்ளும் அதில் சேர்ந்தவையும்

தோப்பி என்பது சங்க காலத்தில் நெல்லரிசியைக் கூழாக்கிப் புளிக்கவைத்து எடுத்த கள். பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள்ளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மரக்கள் பாளையிலிருந்து சொட்டும்போதே சர்க்கரையோடு வருகிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி அதில் விழுந்தால் போதும், சில மணி நேரத்தில் தானே பொங்கிவிடும். அரிசிக் கூழ் அப்படியன்று. அதை வெறுமனே வைத்திருந்தால் புளித்த கஞ்சி ஆகுமே தவிரக் கள் ஆகாது. அதைக் கள்ளாக்க வேறு ஏதாவது சேர்க்க வேண்டும். தோப்பியின் வரலாறு பெரும்பாலும் அந்தச் சேர்மானத்தின் வரலாறுதான்.

இன்று மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் செய்பவர்கள் தகரடப்பாவில் வரும் மால்ட் சாற்றை வாங்கி, நீரும் ஈஸ்டும் கலந்து புளிக்கவைக்கிறார்கள். அதன் சுவை தட்டையாக இருப்பதால் தேன், இஞ்சி, பழம், கூடுதல் தானியம் என்று தாமாகவே பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இது புதிய பொழுதுபோக்கு போலத் தோன்றும். ஆனால் அரிசி, தேன், மா, பலா, பூவரும்பு, மூங்கில் ஆகியவற்றை வைத்துத் தமிழ்நாட்டினர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சோதனைகளைச் செய்திருக்கிறார்கள்.

பெரும்பாணாற்றுப்படை தரும் செய்முறை

தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இரண்டு இடங்கள் இதற்கு முக்கியமானவை. முதலாவது, ஆநிரை கவரும் மறவர் குடியிருப்பு. அவர்கள் கவர்ந்து வந்த பசுக்களைக் கொடுத்து, முன்பு வாங்கிக் குடித்த நறவின் கடனைத் தீர்க்கிறார்கள். பிறகு வீட்டில் ஆக்கிய தோப்பியைக் குடிக்கிறார்கள். விலைக்கு விற்கும் கள்ளும் வீட்டுக் கள்ளும் ஒரே ஊரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்பது இதனால் தெரிகிறது. வீட்டுக் கள்ளுக்குப் புலவர் ‘அடு’ என்ற சொல்லை ஆள்கிறார். சோறு ஆக்குவதற்கும் அதே சொல்தான். கள் அன்று அடுக்களை வேலையாகவும் இருந்தது.

இரண்டாவது இடம் வலைஞர் குடியிருப்பு. இங்கே செய்முறையே இருக்கிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அகன்ற வாயுடைய தட்டில் கொட்டி ஆற்ற வேண்டும். அதனோடு ‘நல்லடை’ ஒன்றைப் பிசைந்து கலக்க வேண்டும். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைக்க வேண்டும். நன்றாக விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். வழியில் வரும் பாணனுக்கு மீன் சூட்டோடு இதைக் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. தீட்டாத அரிசியில் தவிடு ஒட்டியிருப்பதால் நொதிக்கு வேண்டிய சத்து கிடைக்கிறது. ஆற்றாமல் சூட்டோடு அடையைப் போட்டால் அடையில் உள்ள உயிர் செத்துப்போகும். தட்டின் வாய் அகலமாக இருந்தால் களி சீக்கிரம் ஆறும். அறிவியல் பாடத்தில் ஒரு பக்கத்தில் எழுத வேண்டியதைப் புலவர் சில அடிகளில் சொல்லிவிடுகிறார்.

நல்லடை எது?

எல்லாம் அந்த அடையில்தான் இருக்கிறது. அரிசியில் உள்ளது மாவுச்சத்து. நொதி மாவுச்சத்தைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். மாவைச் சர்க்கரையாக உடைக்க உலகம் முழுவதும் மக்கள் கண்டுபிடித்த வழிகளில் பெரியவை இரண்டு. ஒன்று, தானியத்தை முளைகட்டுவது. முளைக்கும் விதை தன் மாவைத் தானே சர்க்கரையாக்கும் பொருளை உண்டாக்கிக்கொள்ளும். ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைகட்டி மால்ட் ஆக்குவது இதற்காகவே. மற்றொன்று, தானியத்தின் மேல் பூஞ்சணம் வளர்ப்பது. ஜப்பானியர் சாக்கே என்னும் அரிசி மதுவுக்குக் கோஜி என்ற பூஞ்சணத்தை வேகவைத்த அரிசியில் வளர்க்கிறார்கள். ஜார்க்கண்ட் பழங்குடியினர் ஹண்டியா என்னும் அரிசிக் கள்ளுக்கு ‘ரானு’ என்ற சிறு மாத்திரைகளை இடுகிறார்கள். அரிசி மாவையும் காட்டு வேர்களையும் சேர்த்துப் பிடித்துக் காயவைத்த வில்லைகள் அவை.

தமிழர் எந்த வழியில் போனார்கள்? நச்சினார்க்கினியர் உரையின்படி நல்லடை முளைகட்டிய நெல்லிலிருந்து ஆனது. அப்படியானால் தோப்பி, மால்ட் சேர்த்த பீரின் உறவு. ஆனால் மூலத்தில் உள்ள உவமை வேறு பக்கமும் இழுக்கிறது. பூத்த மேற்புறத்தை உடைய அந்த அடை, பாம்பு உறையும் புற்றின் குரும்பி போல இருந்தது என்கிறார் புலவர். குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கரையான்கள் புற்றுக்குள் தாமே பூஞ்சணம் பயிரிடும் கடற்பஞ்சு போன்ற கூடு அது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகச் சிறு முத்துகள் பூத்திருக்கும். புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இடும் சங்கரன்கோவில் மக்களுக்குப் புற்று புதிதன்று. புற்றை வெட்டியவர்கள் அந்தச் சோற்றைக் கண்டிருப்பார்கள். வெறும் முளைநெல் மாவில் செய்த அடை அப்படித் தோன்றாது. பூஞ்சணம் படர்ந்த அடைதான் அப்படித் தோன்றும். முளைநெல்லை இடித்து அடையாக்கி, அதைப் பூக்கவும் விட்டிருந்தால் உரையும் உவமையும் ஒருங்கே பொருந்தும். அதுவே நடந்திருக்கக்கூடும் என்று கொள்வதில் தவறில்லை. உவமை சொன்னவர் பார்க்காததைச் சொல்லும் புலவர் அல்லர்.

வடமொழியில் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இந்த அடைக்கு ஒப்பான பொருளைக் ‘கிண்வம்’ என்று அழைக்கிறது. அது உளுந்தும் அரிசியும் சேர்ந்த கலவை, கூடச் சில மூலிகைகள். உளுந்தும் அரிசியும் சேர்ந்தால் பொங்கும் என்பதை இட்லிமாவு கரைக்கும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேதகம் என்ற மதுவுக்கு அந்நூல் தரும் அளவு 16 பங்கு நீர், 2 பங்கு அரிசி, 3 பங்கு கிண்வம். அரிசியைவிடச் சேர்மானம் அதிகம்.

மாவும் பலாவும் மூங்கிலும்

அடை இல்லாவிட்டால் கள் இல்லை. ஆனால் அதோடு மக்கள் நிற்கவில்லை. அகநானூற்றின் 348ஆம் பாட்டில் மலைவாழ் குறவரின் தோப்பி வருகிறது. முற்றத்து மாவின் பழுத்த கனி, பலாச்சுளை, தேனிறால் ஆகியவற்றைக் கலந்து நெடிய மூங்கில் குழாயில் முதிரவைத்தது அது. பாம்பின் கடுப்புப் போன்ற வேகம் அதற்கு இருந்ததாம். பழத்திலும் தேனிலும் உள்ள சர்க்கரை சேர்ந்தால் மதுவின் வலிமை கூடுவது இயற்கை. குறவர்கள் அதைக் கடவுளுக்குப் படைத்துவிட்டு, தழையாடை அணிந்த பெண்கள் ஊட்டக் குடித்து, தினைப்புனக் காவலை மறந்துவிட்டார்கள். யானை வந்து தினையைத் தின்றுவிட்டது. இந்தப் பாட்டில் தோப்பி என்ற பெயர் அரிசி இல்லாத பழமதுவுக்கும் சென்றிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மூங்கிலில் முதிர்ந்த தேன்தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் சொல்கின்றன. நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டைப் புறநானூற்றின் 120ஆம் பாட்டு சொல்கிறது. நிலத்துக்கடியில் சூடு ஏறி இறங்காது. எனவே கள் சீராக விளையும். ‘நனை’ என்ற சொல்லுக்கு அரும்பு, கள் என்ற இரு பொருளும் உண்டு. பூவரும்பு கள்ளில் சேர்ந்த வழக்கம்தான் அந்தச் சொல்லில் தங்கியிருக்க வேண்டும். பதிற்றுப்பத்தில் கள்ளின் குடத்துக்கு வெளியே சந்தனம் பூசி, இஞ்சியும் பூவும் விரவித் தொடுத்த மாலையும் கட்டியிருக்கிறார்கள். இஞ்சியை உள்ளே போடாமல் கழுத்தில் ஏன் கட்டினார்கள் என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. குடிக்கும்போது மூக்குக்கும் பங்கு உண்டு என்பதே பொருத்தமான விடை.

கலந்து குடிக்கும் வழக்கத்துக்குச் சங்கரன்கோவில் பகுதியோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு பாட்டும் உண்டு. புறநானூற்றின் 24ஆம் பாட்டைப் பாடியவர் மாங்குடி கிழார். சங்கரன்கோவில் வட்டாரத்தில் உள்ள மாங்குடியே அவர் ஊர் என்பர். தமிழ்நாடு தொல்லியல் துறை 2001–2002இல் அங்கு அகழாய்வு செய்து நுண்கற்கருவிகளையும் கருப்பு-சிவப்பு மட்கலங்களையும் எடுத்தது. அந்தப் பாட்டில் பரதவர் வெம்மையான மட்டை உண்டு குரவை ஆடுகிறார்கள். பெண்கள் நுங்கின் நீர், கரும்பின் சாறு, தென்னையின் இளநீர் மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்கிறார்கள். அந்த முக்கலவை புளித்ததா என்று பாட்டு சொல்லவில்லை. ஆயினும் பனங்காடும் கரும்பும் கண்ட கை எதையெதைக் கலக்கும் என்பதை அது காட்டுகிறது.

அடுக்களையிலிருந்து கஜானாவுக்கு

தோப்பி வெறும் போதைப்பொருளாக மட்டும் இருக்கவில்லை. நடுகல்லுக்குத் தோப்பிக்கள்ளும் ஆட்டுப்பலியும் கொடுத்ததை அகநானூற்றின் 35ஆம் பாட்டு சொல்கிறது. கள் விற்ற ‘அரியல் பெண்டிர்’ வேறு பாடல்களில் வருகிறார்கள். அர்த்தசாத்திரம் மதுவை அரசின் கையில் வைத்தாலும், குடும்பத்தார் விசேஷங்களுக்கு வெள்ளைச் சுரையையும் மருந்துக்காக அரிஷ்டத்தையும் வீட்டில் செய்துகொள்ள இடம் தருகிறது. திருவிழாக்களில் நான்கு நாள் அனுமதியும் உண்டு.

ஆங்கிலேயர் காலத்தில் நிலை மாறியது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள் இறக்குவதையும் மது செய்வதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. உரிமம் எடுத்தவர் வரி கட்டுவார். வீட்டுச் சாடி வரி கட்டாது. சாடிக்கு அங்கே இடம் இல்லாமல் போனது. 1937 அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. குடியால் சிதைந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் நோக்கம் விளங்கும். ஆனால் 1971இல் விலக்கு தளர்ந்து, 1974இல் திரும்பி, பிறகு 1983இல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே தொடங்கிய பின்னும் வீட்டுக் கள்ளுக்குக் கதவு திறக்கவில்லை. 1987 முதல் மரக்கள்ளுக்கும் தடை. பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இன்றி வீட்டில் பீர் செய்யலாம். அமெரிக்காவில் 1978இல் அதற்கான சட்டம் கையெழுத்தானது. மால்ட் டப்பாவில் தேனையும் இஞ்சியையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சட்டங்களே வழிவிட்டன.

சங்கரன்கோவில் வட்டாரப் பனைகளில் இன்று ஏறும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு நொதியைத் தடுக்கும். இறங்குவது பதநீராகவே இருக்கும். அதுவும் ஒரு சேர்மானம்தான், கள்ளாக்க அன்று, கள்ளாகாமல் காக்க.

அரிசிக் கள்ளின் சாயல் வடசென்னைக் கடற்கரைக் குப்பங்களில் சுண்டக்கஞ்சி என்ற பெயரில், காவல்துறைக்குத் தெரியாமல் ஒளிந்து வாழ்ந்தது. பெரும்பாணாற்றுப்படையின் வலைஞரும் தொண்டை நாட்டவரே. இரண்டுக்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனாலும் ஒற்றுமையைக் காணாமல் இருக்கவும் முடியாது.

சட்டத்துக்கு உட்பட்டுப் பழைய முறை நின்றிருப்பது மருந்தில்தான். ஆயுர்வேத அரிஷ்டங்கள் கஷாயத்தில் வெல்லமோ தேனோ கலந்து, தாதகி எனப்படும் காட்டாத்திப் பூவை இட்டு மூடிப் புளிக்கவைக்கப்படுகின்றன. அந்தச் சிவந்த பூவில் இயற்கையாகவே நொதி ஒட்டியிருக்கும். காய்ந்த பூ நாட்டு மருந்துக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறது. அரிஷ்டப் புட்டியின் சீட்டைத் திருப்பிப் பார்த்தால், ஆல்கஹால் அதில் ஊற்றப்படவில்லை, தானே உண்டானது என்ற குறிப்பு சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்.