முதற்பதிப்பை அறியும் முறை

இலக்கிய வரலாறு எழுதப் புகுவார்க்கு நூலின் காலத்தைத் துணிதலே முதற் கடமையாகும். இவ்வாராய்ச்சி ஏட்டுச்சுவடிக்கே உரியது, அச்சில் வந்த நாவலுக்கு வேண்டா என்று கருதுவோர் பலர். அது பொருந்தாது. பிந்திய பதிப்பொன்று முதற்பதிப்பின் ஆண்டை மட்டும் தாங்கி வெளிவருதலும் உண்டு. ஆதலின் நூலின் பிற உறுப்புக்களையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

முதலாவது சான்று விலை. இந்தியாவிலே 1957 ஏப்பிரல் 1 இல் பதின்ம நாணயம் வழக்கிற்கு வந்தது. ஆகவே, அணாவில் விலை பொறித்த நூல் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. 'நயா பைசா' எனப் பொறித்தது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. இலங்கையிற் சதம் 19ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியமையின், இச்சான்று ஈழத்து வெளியீடுகளுக்குப் பயன்படாது.

இரண்டாவது முகவரி. சென்னை என்பதன் பின் ஆறிலக்க அஞ்சற் குறியீடு காணப்படின், அப்படி 1972 ஓகஸ்ட் 15க்கு முன் அச்சாகியிருத்தல் இயலாது. மூன்றாவது எழுத்து. ணை, லை, ளை, னை என்பவற்றின் துதிக்கை வடிவத்தையும், ணா, றா, னா என்பவற்றின் கூட்டு வடிவத்தையும் தமிழக அரசின் 1978ஆம் ஆண்டு ஆணை மாற்றியது. 1955 என்று குறித்த நூலிலே புதிய வடிவங்கள் காணப்படின், அது பெரும்பாலும் மறுபதிப்பே எனலாம். பழைய வடிவம் மட்டும் பழமைக்குச் சான்றாகாது; பழைய அச்செழுத்துக்களை வைத்திருந்த அச்சகங்கள் அவற்றையே தொடர்ந்து வழங்கின.

தொடர்கதையாக வந்த நாவல்களில் வேறொரு வினா எழுகின்றது. 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை, மணியம் வரைந்த ஓவியங்களுடன் வெளிவந்தது. ஆசிரியர் 1954 டிசம்பர் 5 இல் மறைந்தார். நூல்வடிவம் அதன் பின்னரே வந்தது. எனவே, இதழ்களிலிருந்து பக்கங்களைப் பிரித்துத் தைத்த பழைய கட்டுத்தொகுதியே ஆசிரியர் வாழ்நாளில் வாசகர் கண்ட வடிவமாகும். அதனைப் பழந்தாள் என ஒதுக்குதல் தவறு.

இனி, நம் முல்லைத்தீவுக்கு வருவாம். தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' வீரகேசரிப் பிரசுரமாக 1973 இல் வெளிவந்தது. தண்ணிமுறிப்பின் காட்டையும் வயலையும் மக்கள் பேச்சையும் நாவலிலே நிலைபெறச் செய்த நூல் அது. வன்னியின் வழக்குச் சொற்களை ஆராய்வோன், பிந்திய பதிப்பில் எழுத்துக் கோப்பவரோ பிழை திருத்துபவரோ ஒரு சொல்லை மாற்றினாரா என்பதை முதற்பதிப்போடு ஒப்பிட்டே அறிதல் கூடும்.

அம்முதற்பதிப்புக்கள் எங்கே? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. 2009 இன் இறுதிப் போரிலே வன்னி மக்கள் வீடுகளையும் அவற்றிலிருந்த நூல்களையும் விட்டு இடம்பெயர்ந்தனர். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி பெரிது. எனினும் கிடைத்த படியையே அதுவும் பதிவு செய்தல் இயலும்.

ஆதலின் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலே பழைய நாவல் ஒன்று கிடைப்பின், புதிதாகக் கட்டும்போது மேலட்டையை வீசிவிடாதீர்கள். விலையும் அச்சகத்தின் பெயரும் அதிலேயே இருத்தல் கூடும். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் உள்ளவாறே குறித்து வைப்பீர்களாயின், நம் நாட்டு இலக்கிய வரலாற்றுக்கு ஓர் உறுதியான கல்லை இட்டவராவீர்கள்.