விரிதாளில் பதிலிக்குறிகளும் இரட்டிப்புத் தேடலும்

பதிலிக்குறி (வைல்டுகார்டு) என்பது தேடலின்போது பிற எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கும் குறியாகும். மைக்ரோசாப்ட் எக்செலில் உடுக்குறி (*) எத்தனை எழுத்துகளுக்கும், வினாக்குறி (?) ஒரேயோர் எழுத்துக்கும் பொருந்தும். அலைக்குறி (~) தன்னை அடுத்து வரும் குறியின் சிறப்புப் பொருளை நீக்கும். தேடலுக்கு உதவும் இக்குறிகள் தரவினுள்ளேயே இருக்கும்போது இரட்டிப்புகளைக் கண்டறிவதில் பிழை நேர்கிறது.

== சிக்கல் ==

இரட்டிப்பைக் கண்டறியப் பலரும் =கவுன்ட்இஃப்(ஏ:ஏ, ஏ2)>1 என்னும் வாய்பாட்டைப் பயன்படுத்துவர். மரக்கடை ஒன்றின் இருப்புப் பட்டியலில் "12*4 பலகை", "12*6*4 பலகை" என இரு பொருள்கள் ஒவ்வொரு முறையே உள்ளன எனக் கொள்வோம். முதலாவதற்கு விடை 2 என வரும். ஏனெனில் 12 இல் தொடங்கி "4 பலகை" என முடியும் எதுவும் அதற்குப் பொருந்தும். இரண்டாவதற்கு விடை 1 மட்டுமே. உண்மையான இரட்டிப்பாயின் இரு வரிசைகளுக்கும் ஒரே எண்ணிக்கை வந்திருக்கும். எனவே இம்முரணே பிழையைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம். இதைக் கவனியாது வரிசையை நீக்கினால் இருப்பிலுள்ள ஒரு பொருள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

விலுக்அப், மேட்ச் ஆகிய சார்புகளும் துல்லியப் பொருத்தத்தின்போது இக்குறிகளை இவ்வாறே கொள்கின்றன. எக்ஸ்லுக்அப் மட்டும் கேட்டாலன்றி அவ்வாறு செய்வதில்லை.

== தீர்வு ==

சப்ஸ்டிட்யூட் சார்பினால் ஒவ்வொரு சிறப்புக்குறிக்கு முன்னும் ஓர் அலைக்குறியைச் சேர்க்கலாம்:

=கவுன்ட்இஃப்(ஏ:ஏ, சப்ஸ்டிட்யூட்(சப்ஸ்டிட்யூட்(சப்ஸ்டிட்யூட்(ஏ2,"~","~~"),"*","~*"),"?","~?"))

இங்கு வரிசைமுறை முதன்மையானது. அலைக்குறியை இறுதியில் மாற்றினால் புதிதாகச் சேர்த்த "~*" என்பது "~~*" ஆகி, உடுக்குறி மீண்டும் பதிலிக்குறியாகிவிடும்.

இதனினும் எளிய வழி =சம்புராடக்ட்(--(ஏ$2:ஏ$500=ஏ2)) என்பதாகும். சமக்குறி பதிலிக்குறிகளைப் பொருட்படுத்தாது. கவுன்ட்இஃப் போல ">5" என்ற உரையை ஒப்பீட்டுக் கட்டளையாகவும் கொள்ளாது. மேலும், 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட, உரையாகச் சேமித்த எண்களைக் கவுன்ட்இஃப் எண்ணாக மாற்றி இறுதி இலக்கங்களை இழந்துவிடும். இம்முறையில் அதுவும் நேராது. ஆயிரக்கணக்கான வரிசைகளில் இது மெதுவாக இயங்கும் என்பதே குறை.

== பிற மென்பொருள்கள் ==

லிப்ரெஆபிஸ் கால்க் 5.2 பதிப்பு (2016) முதல் பதிலிக்குறிகளை ஆதரிக்கிறது. அதில் சுருங்குறித்தொடரைத் தேர்ந்திருந்தால் புள்ளி, அடைப்புக்குறி முதலியவையும் சிறப்புப் பொருள் பெறும்.

== தமிழ் உரை ==

ஒருங்குறியில் "கி" இரு குறிகளால் ஆனது. எக்செலின் லென் சார்பும் அதன் நீளத்தை 2 என்றே தரும். ஆகவே தமிழ்ச் சொற்களில் எழுத்தெண்ணி வினாக்குறி இடுவது நம்பத்தக்கதன்று.