தங்கத் தட்டில் விடுபட்ட தப்பு

1977 ஆகஸ்ட் 20ஆம் திகதி, அமெரிக்காவின் கேப் கனாவரலில் இருந்து வொயேஜர் 2 விண்கலம் கிளம்பியது. பதினாறு நாள் கழித்து வொயேஜர் 1. வியாழனையும் சனியையும் பார்க்கப் போன அந்த ரெண்டிலும் ஆளுக்கொரு இசைத்தட்டு இருந்தது. 12 அங்குல செம்புத் தட்டு, மேலே தங்க முலாம். என்றைக்காவது யாராவது எடுத்துக் கேட்டால், பூமியில் யார் இருந்தாங்கன்னு தெரியணும். அதுக்குத்தான் அது.

அதைச் செய்தது விஞ்ஞானிகள் மட்டும் இல்லை. வானியலாளர் கார்ல் சேகனோடு எழுத்தாளர் ஆன் ட்ரூயனும் ஓவியர் ஜோன் லொம்பர்க்கும் உட்கார்ந்தார்கள். சுமார் 90 நிமிட இசை, 115 படங்கள், 55 மொழிகளில் வாழ்த்து. பாஹ் இருக்கிறார், சக் பெரியின் ரொக் அண்ட் ரோல் இருக்கிறது, கேசர்பாய் கேர்க்கரின் ஹிந்துஸ்தானிக் குரலும் இருக்கிறது.

அந்த 55 மொழிகளில் சிங்களம் உண்டு. தெலுங்கும் கன்னடமும் உண்டு. தமிழ் இல்லை. சதின்னு நினைக்க வேணாம். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கிடைத்த பேச்சாளர்களை வைத்து அவசரமாகப் பதிந்த வேலை அது.

ஆனா அதே நாட்களில் நம்ம பக்கம் என்ன நடந்தது? ஜூலை தேர்தல் முடிந்து, ஆகஸ்ட் நடுவில் தொடங்கிய கலவரம் இரத்தினபுரி, கேகாலை தோட்டங்கள் வரை வந்தது. உடுத்த துணியோடு லயத்தை விட்டு ஓடிய குடும்பங்கள் உண்டு. ஆயிரக்கணக்கான மலையகத் தமிழர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1964 ஒப்பந்தத்தில் ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்குன்னு தலையை எண்ணிப் பிரித்திருந்தன. மனித குலத்தின் அறிமுகக் கடிதம் வானத்துக்குப் போன மாதத்தில், நம்ம சனத்தில் பலருக்குக் காட்ட ஒரு நாட்டின் கடிதாசி கூட இல்லை.

பூமியில் இடம் மறுக்கப்பட்டவன் என்ன செய்வான்? சன் ரா ஒரு பதில் சொன்னார். 1914இல் அலபாமாவில் பிறந்த கறுப்பின ஜாஸ் கலைஞர். நிறவெறி கோலோச்சிய ஊர் அது. தான் சனி கிரகத்து ஆள் என்று அறிவித்துவிட்டார். மினுங்கும் அங்கி, எகிப்திய மன்னர் மாதிரித் தலையணி, கையில் மூக் சிந்தசைசர். 1974இல் அதையே படமாகவும் நடித்தார். வேஷம்னு சிரிச்சவங்க இருந்தாங்க. ஆனா அந்த வேஷத்துக்குள்ளே ஒரு வாதம் இருந்தது: நீங்க எனக்கு இடம் தராட்டி, நான் வேற உலகத்தைக் கற்பனை செய்வேன்.

நமக்கு இது புதுசா என்ன? காமன் கூத்தை நினைத்துப் பாருங்க. மாசி மாதப் பிறையைக் கணக்குப் பார்த்துத்தான் கம்பம் ஊன்றுகிறோம். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கினவர், ராத்திரி கிரீடமும் சாயமும் பூண்டு மன்மதன் ஆகிறார். இன்னொருவர் சேலை கட்டி ரதி ஆகிறார். நிலா, உடுப்பு, பாட்டு, தப்பு எல்லாம் ஒரே களத்தில்.

அந்தத் தப்புக்கு ரெண்டு வாழ்க்கை. விடியக்காலையில் பெரட்டுக்கு எழுப்ப அதைத்தான் அடித்தார்கள். துரையின் கடிகாரமாக இருந்த தோல்தான் திருவிழா ராத்திரியில் நம்ம தெய்வத்தைக் கூப்பிட்டது. சாதியைச் சொல்லி அதை அடிப்பவரை ஒதுக்கியதும் நாமதான். வெளியே இருந்து வந்த மௌனத்தை மட்டும் பேசி, நாமே போட்ட மௌனத்தை மறைக்கக் கூடாது.

வொயேஜர் 1 சூரியனின் எல்லை தாண்டிப் போய்விட்டது. 2012இலேயே. அந்தத் தட்டில் இனி ஒன்றும் சேர்க்க முடியாது. அன்றைக்கு அந்த மைக் முன்னால் நம்மில் யாரும் நிற்கவில்லை. இன்றைக்கு மைக் நம்ம சட்டைப் பைக்குள்ளேயே கிடக்கு. உங்க தோட்டத்தில் தப்படிக்கிற மாமா இன்னும் இருக்கிறாரா? அவர் பேரைச் சொல்லி, அவர் அடியைப் பதிந்து வைங்க. அடுத்த மாசி வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.