வழக்கே போடக்கூடாதுன்னு ஒரு சட்டம்

அமெரிக்காவும் துப்பாக்கியும்னு ஆரம்பிச்சாலே என்.ஆர்.ஏ, இரண்டாவது சட்டத்திருத்தம், பள்ளிக்கூடச் சாவுகள்னு பேச்சு ஒரே தடத்துல போகும். அதைப் பத்தி நம்ம மக்கள் நிறைய எழுதியாச்சு. அதே கதையில அதிகம் பேசப்படாத ஒரு கிளை இருக்கு. துப்பாக்கி செய்யுற கம்பெனி மேல நஷ்டஈடு கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாதபடி ஒவ்வொரு மாநிலமா கதவைச் சாத்தின கதை. நான் சட்டம் படிச்சவன் இல்லை, பொட்டி தட்டுறவன். தெரிஞ்சதைச் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

1998-ல சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களோட ஒரு பெரிய சமரசத்துக்கு வந்தாங்க. 25 வருஷத்துல 20,600 கோடி டாலர் தர்றதா ஒப்பந்தம். சிகரெட்டால மாநிலத்துக்கு ஆன மருத்துவச் செலவைக் கம்பெனி தரணும்னு கேட்க முடிஞ்சா, துப்பாக்கியால ஆகுற போலீஸ் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் ஏன் கேட்கக்கூடாது? இந்த யோசனை நகரங்களுக்கு வந்தது. முதல்ல களத்துல இறங்கினது நியூ ஆர்லியன்ஸ். 1998 அக்டோபர் கடைசியில மேயர் மார்க் மோரியல் வழக்கு போட்டார். 'சொந்தக்காரன் கையில மட்டும் வெடிக்கிற மாதிரி பாதுகாப்பு வசதி வைக்க முடியும், கம்பெனிகள் வைக்கலை, ஆகவே இது குறையுள்ள பொருள்' என்பது வாதம். பின்னாடியே சிகாகோ, அட்லாண்டான்னு 30-க்கும் மேற்பட்ட நகரங்களும் கவுண்ட்டிகளும் வரிசையா வந்தாங்க.

நகரங்களும் ஒண்ணும் உத்தமர்கள் கிடையாது. நியூ ஆர்லியன்ஸ் போலீஸே பறிமுதல் செஞ்ச ஆயிரக்கணக்கான பழைய துப்பாக்கிகளை வியாபாரிக்குக் கொடுத்துட்டு, பதிலுக்குப் புது க்ளாக் துப்பாக்கிகளை வாங்கியிருந்தாங்க. எதிர்த்தரப்பு இதைச் சும்மா விடுமா?

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் சொன்னாங்க. 'நாங்க விக்கிறது சட்டப்படி அனுமதிச்ச பொருள். அதை எவனோ குற்றத்துக்குப் பயன்படுத்தினா நாங்க எப்படிப் பொறுப்பு? குடிச்சிட்டு ஓட்டினவனுக்காகக் கார் கம்பெனி மேல கேஸ் போடுவீங்களா?' நல்ல கேள்விதான். ஆனா பிரேக் சரியில்லாத காரை வித்தா கார் கம்பெனி மேல கேஸ் போடலாமே! எது பிரேக், எது குடிகாரன்னு பிரிச்சுச் சொல்லத்தான் கோர்ட்டும் ஜூரியும் இருக்கு. அந்த இடத்துக்கே போகவிடாம பண்றதுதான் அடுத்து நடந்தது.

கம்பெனிகளுக்குத் தோல்வி பயத்தைவிட வக்கீல் செலவு பயம் அதிகம். சிகரெட் கம்பெனிகளோட ஒப்பிட்டா துப்பாக்கித் தொழில் ரொம்பச் சின்னது. 30 ஊர்ல 30 வழக்கு நடத்தினா, எல்லாத்துலயும் ஜெயிச்சாலும் திவால்தான். அதனால கோர்ட்டுக்குப் போகாம சட்டசபைக்குப் போனாங்க.

முதல் விக்கெட் ஜார்ஜியா. 1999 பிப்ரவரி தொடக்கத்துல அட்லாண்டா நகரம் வழக்கு போட்டது. ஒரு வாரம்கூட ஆகலை, கவர்னர் ராய் பார்ன்ஸ் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார் (நம்மூர் கவர்னர் மாதிரி இல்லை, அங்கே ஓட்டு வாங்கி வர்றவர்). இனிமே துப்பாக்கிக் கம்பெனி மேல இந்த மாதிரி வழக்கு போடுற உரிமை மாநிலத்துக்கு மட்டும்தான், நகரங்களுக்குக் கிடையாது. அதே வருஷம் டெக்ஸாஸ்ல கவர்னரா இருந்த ஜார்ஜ் புஷ்ஷும் இதே மாதிரி ஒண்ணுல கையெழுத்துப் போட்டார்.

லூசியானா இன்னும் ஒரு படி மேல. 1999-ல போட்ட சட்டம், ஏற்கனவே நடந்துக்கிட்டிருந்த நியூ ஆர்லியன்ஸ் வழக்குக்கும் சேர்த்துப் பொருந்தும்னுட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, பழைய தேதி போட்டு கோடை மாத்துற வேலை. 2001-ல மாநில உச்ச நீதிமன்றம் இதைச் சரின்னு சொல்லிடுச்சு. நகரம்ங்கிறது மாநிலம் உண்டாக்கின அமைப்பு, கொடுத்த அதிகாரத்தை மாநிலமே திரும்ப எடுத்துக்கலாம்ங்கிறது சாரம். முதல் வழக்கு விசாரணையே நடக்காம முடிஞ்சது.

கலிபோர்னியா கதை தலைகீழ். அங்கே 1983-லயே ஒரு கவசச் சட்டம் இருந்தது. ஒரு துப்பாக்கியோட ஆபத்து அதோட பயனைவிட அதிகம்னு சொல்லி அதைக் 'குறையுள்ள பொருள்'னு வாதாட முடியாது. 1993 ஜூலை 1-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவுல ஒரு ஆபீஸ் கட்டடத்துக்குள்ள புகுந்தவன் 8 பேரைக் கொன்னான். கையில இருந்தது நேவிகார் கம்பெனியோட டெக்-டிசி9. கைரேகை பதியாத மேற்பூச்சுன்னு அந்தக் கம்பெனி விளம்பரம் பண்ணியிருந்தது! வேட்டைக்குப் போறவனுக்குக் கைரேகையால என்ன கவலை? பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வழக்கு போட்டாங்க. 2001-ல மாநில உச்ச நீதிமன்றம், 1983 சட்டம் குறுக்கே நிக்குதுன்னு தள்ளுபடி பண்ணிடுச்சு. கோர்ட்டு இப்படிக் கைவிரிச்சதும் சட்டசபை முழிச்சுக்கிச்சு. 2002-ல அந்தப் பிரிவையே தூக்கிட்டாங்க. அதுக்குள்ள அந்தக் குடும்பங்கள் தோத்து முடிஞ்சாச்சு.

எனக்கு மனசு ஆறாதது கொலராடோ. அங்கே 2000-ல வந்த சட்டத்துல ஒரு கொக்கி. இந்த மாதிரி வழக்கு போட்டு அது தள்ளுபடியானா, கம்பெனியோட வக்கீல் செலவையும் நீங்கதான் கட்டணும். 2012-ல அரோரா தியேட்டர்ல 12 பேர் செத்தாங்களே, அதுல மகளை இழந்த ஒரு தம்பதி, கொலைகாரனுக்கு ஆன்லைன்ல தோட்டா வித்த கம்பெனிகள் மேல வழக்கு போட்டாங்க. அவங்க முக்கியமா கேட்டது காசு இல்லை, விக்கிற முறையை மாத்துங்கன்னுதான். 2015-ல வழக்கு தள்ளுபடி. கூடவே சுமார் 2 லட்சம் டாலர் வக்கீல் செலவைக் கட்டச் சொல்லி உத்தரவு. மகளைக் கொன்ன தோட்டாவை வித்தவனுக்குப் பெத்தவங்க பணம் கட்டணும்! அந்தச் சட்டத்தைக் கொலராடோ 2023-லதான் எடுத்தது.

இதுக்கு நடுவுல 2005-ல நாடு முழுக்கப் பொருந்துற மத்தியச் சட்டமும் வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டது டெக்ஸாஸ்ல போட்ட அதே புஷ், இப்ப ஜனாதிபதியா. அதுல ஆறு விதிவிலக்கு உண்டு. முக்கியமான ஒண்ணு, விற்பனை அல்லது விளம்பரம் சம்பந்தமான சட்டத்தைக் கம்பெனி தெரிஞ்சே மீறியிருந்தா வழக்கு போடலாம். 26 பேர் செத்த சாண்டி ஹூக் பள்ளிக் குடும்பங்கள் கனெக்டிகட் மாநில விளம்பரச் சட்டத்தைப் பிடிச்சு இந்தச் சந்துல நுழைஞ்சாங்க. 2022-ல ரெமிங்டன் தரப்புல இருந்து 7.3 கோடி டாலர் சமரசம். இந்த ஓட்டையை அகலமாக்க 2021-ல நியூயார்க் தனிச் சட்டமே போட்டது. வேற சில மாநிலங்களும் பின்னாடியே வந்தாங்க. எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. 2023-ல நாஷ்வில் பள்ளியில 6 பேர் செத்த சில வாரத்துலயே டென்னஸி கவசத்தை இன்னும் தடிமனாக்குச்சு. 1999-ல கேரி நகரம் போட்ட வழக்கை முடிக்க இண்டியானா 2024-ல முன்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டது. 25 வருஷம் கழிச்சு!

துப்பாக்கிக் கம்பெனி குற்றவாளியா இல்லையான்னு நான் தீர்ப்புச் சொல்ல வரலை. பல வழக்குகள்ல கம்பெனி ஜெயிச்சிருக்கவும் கூடும். ஆனா வழக்கு நடந்தாத்தான் கம்பெனியோட உள் கடிதங்கள் வெளியே வரும். சிகரெட் கம்பெனிகளோட வண்டவாளம் தண்டவாளம் ஏறினது பெரும்பாலும் அப்படித்தான். விசாரணையே இல்லைன்னா நாம ஜெயிச்சது யார்னு மட்டும்தான் தெரிஞ்சுக்குவோம், நடந்தது என்னன்னு தெரியாது. நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்க 'எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டோம்'னு நாலு பக்கம் எழுதி, கீழே 'சம்மதம்' பட்டனை வச்சிடுறோம் :-) இங்கே அந்தப் பட்டனைச் செத்தவங்க சார்பா சட்டசபை அமுக்கியிருக்கு.

உங்க கருத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. அந்தக் கார் உதாரணத்தை வச்சு யாராவது சண்டை போட்டாலும் சந்தோஷம்தான்.