மட்டக்களப்புத் தென்கரை – 9: பிட்டும் தேங்காய்ப்பூவும்

பெரிய நீலாவணையிலிருந்து தெற்கே பஸ்ஸில் செல்லும் ஒருவர், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக இடையில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த மணற்கரையில், மருதமுனையின் தறியோசையைக் கேட்டு முடிப்பதற்குள் பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலையும், கல்முனைக்குடியின் மினாராக்களையும் சாய்ந்தமருதையும் கடந்ததும் காரைதீவுக் கண்ணகை அம்மன் சந்நிதியையும், அதனையடுத்து நிந்தவூரின் பள்ளிவாசல்களையும் வரிசையாகக் காண்பார். மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி இடப்பட்ட பிட்டுக்குழலை நினைவூட்டும் இவ்வமைப்பைக் கண்டவர்க்கு, தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் என்று கிழக்கு மாகாணத்தார் வழிவழியாகக் கூறிவருவதன் பொருத்தம் எளிதில் விளங்கும்.

போர்த்துக்கேயரால் 1626ஆம் ஆண்டில் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் இக்கீழ்க்கரையில் இடமளித்த வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். ஆனால் ஊரார் கூறும் ஐதீகமோ வேறு. முக்குவர், திமிலர் என்ற இரு தமிழ்ச் சாதியாருக்கும் இடையே மூண்ட போரில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்று வென்றனர் என்றும், அந்த உபகாரத்துக்குப் பிரதியாக முக்குவர் தம் பெண்களை அவர்களுக்கு விவாகம் செய்து கொடுத்தனர் என்றும் அது கூறும். சரித்திர ஆசிரியர் இக்கதையை அப்படியே அங்கீகரிக்க மாட்டார். எனினும் இரு சமூகத்தாரும் தம் பூர்விகத்தைச் சொல்லப் புகும்போது, மற்றவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாத ஒரு கதையைப் பேணி வந்தார்கள் என்பதுவே ஆராயத்தக்க விஷயமாகும்.

அக்கதைக்கு உயிருள்ள சாட்சியாக நிற்பது குடிமுறை. தாய்வழியே தொடரும் குடி, ஒரே குடிக்குள் விவாகத்தை விலக்கும் நியமம், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டில் ஏற்கும் வழக்கம் ஆகியவை இரு சமூகத்தாருக்கும் பொதுவானவை. கோயிலை வண்ணக்கர் பரிபாலிப்பதைப் போலவே, பள்ளிவாசலைக் குடிதோறும் வந்த மரைக்காயர்மார் பரிபாலித்தனர். தெய்வத்தை வணங்கும் முறையில் வேறுபட்டோர், பெண்ணையும் வீட்டையும் ஊர் நிர்வாகத்தையும் பற்றிய ஒழுங்கில் ஒன்றுபட்டிருந்தனர்.

வயலோ இன்னும் நெருங்கிய பந்தம். வயலுக்குடைய போடியார் எச்சமயத்தவராயினும் வாய்க்கால் நீர் ஒன்றே. களவெட்டியில் சூடடிக்கும்போது நெல்லைப் பெயர் சொல்லாது ‘பொலி’ என்று மங்கலமாகக் கூறும் பாஷையும் ஒன்றே. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறும்போது, நேர்த்திக்கடனோடு வருவோரில் இந்துக்களும் இருந்தனர்.

வித்தையும் அவ்வாறே சமய எல்லையைக் கடந்து சென்றது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், கல்முனையில் மெதடிஸ்த மிஷனாரின் பாடசாலையிலும் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்று ராமகிருஷ்ண மிஷன் துறவியானவர். யாழ்ப்பாணத்து முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களோ, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர். யுத்தகாலத்து உணவு உற்பத்தியைப் பெருக்க அனுப்பப்பட்ட அவ்வதிகாரி, நெல்லோடு நில்லாமல் அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் ஸ்தாபித்தார். பிற சமயத்தார் நடத்திய பள்ளியில் கற்றதனால், துறவியின் பக்தியோ அதிகாரியின் ஈமானோ அணுவளவும் குன்றவில்லை.

இத்தகைய கரையில் 1990ஆம் ஆண்டின் வன்செயல்கள் எவ்வாறு நேர்ந்தன? ஜூன் மாதத்தில், இராணுவம் கல்முனையைக் கைப்பற்றிய நாட்களில், தமிழர் பலர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அச்சம் பெருகவே முஸ்லிம்கள் பலர் தூரத்து வயல்களைக் கைவிட்டனர். ஓர் ஊரார் மற்றோர் ஊரின் வழியே செல்லவும் அஞ்சினர். ஒரே வரம்பில் நின்று நீருக்காக வாதாடியவர்கள் வாதாடுவதற்கும் சந்திக்காத நிலை வந்தபோதுதான், சிநேகத்தைத் தாங்கி நின்றது உபதேசமன்று, நித்திய வியவகாரமே என்பது புலனாயிற்று.

பிட்டும் தேங்காய்ப்பூவும் என்ற வாக்கை இன்று மேடைகள் பலவற்றில் கேட்கிறோம். குழலில் மாவையும் பூவையும் முறைப்படி இட்டு வைத்துவிட்டால் மட்டும் பிட்டாகிவிடாது. கீழே பானையில் நீர் கொதித்து ஆவி ஏற வேண்டும். இக்கரையில் அந்த ஆவி எழுந்தது வயலிலும், சந்தையிலும், பள்ளிக்கூட வாங்கிலுமேயாம்.

அஸீஸ் அவர்கள் கல்முனையில் ஏற்றிய கல்வி விளக்கின் விருத்தாந்தத்தை அடுத்த இதழில் காண்போம்.